பிளேட்டின் பின்பக்கம்

மஞ்சப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். ஐடிஐ முடித்து நாலு மாசம் ஆன பையன், மத்தூர் பக்கத்து ஊர். ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வெல்டர் வேலைக்கு டெஸ்ட் கொடுக்கப் போயிருக்கிறான். அவன் வெல்டிங் ஓட்டிய பிளேட்டை அங்கே பட்டையாக அறுத்து, வளைத்துப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து மேசையில் வைத்தான். அடிப்பக்கம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிளந்து கிடந்தது.

"சார், இதே ஜாயின்ட்டுக்குத்தான் நீங்க ஐம்பதுக்கு நாப்பத்தெட்டு போட்டீங்க."

கோபத்தில் சொல்லவில்லை. எங்கே தப்பு என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனாலேயே அந்தக் கேள்வியை என்னால் தட்டிக்கழிக்க முடியவில்லை. 2018 கார்த்திகை மாசம் அது.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஐடிஐயில் வெல்டர் டிரேடு சொல்லித் தருகிறேன். 2008இல் சேர்ந்தேன். அதற்கு முன் ஒன்பது வருஷம் ஓசூர் சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் ஷாப்புகளில் ராடு பிடித்தவன். பிறகு ஒரு வருஷம் சிஐடிஎஸ் என்ற பயிற்றுநர் படிப்பை முடித்துத்தான் வாத்தியார் வேலைக்கு வந்தேன். வேலையும் தெரியும், அதைச் சொல்லித்தரவும் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு முழுசாக இருந்தது.

அன்று சாயந்திரம் பசங்க போனபிறகு ஷாப்பைப் பூட்டவில்லை. 10 மில்லிமீட்டர் பிளேட் இரண்டை எடுத்து, பக்கத்துக்கு 30 டிகிரி சாய்வு வெட்டி, நடுவில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அங்கங்கே புள்ளியாக டேக் போட்டேன். நெட்டுக்குத்தாக நிறுத்திக் கீழிருந்து மேலே ஏற்றும் 3ஜி. ஓசூரில் இருந்த காலத்தில் இதை எத்தனை மீட்டர் ஓட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. ரூட், அதாவது அடியில் ஓட்டும் முதல் வரிசை, ஓட்டும்போது ராடு முனைக்கு முன்னால் சாவித்துவாரம் மாதிரி ஒரு சின்னத் துளை திறந்தபடியே வரவேண்டும். கீஹோல் என்போம். அது பெரிதானால் ஒழுகிவிடும். மூடிக்கொண்டால் பின்பக்கம் உருகாது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கை தானாக நடக்கும். அன்றைக்கு நடக்கவில்லை. முதல் பிளேட் ஒழுகியது. ஆம்ஸ், அதாவது கரண்ட், குறைத்து இரண்டாவதை ஓட்டினேன். முன்பக்கம் லட்சணமாக வந்தது. ஆறவிட்டுத் திருப்பினால், இரண்டு பிளேட்டின் வெட்டு ஓரமும் கோடு மாறாமல் அப்படியே தெரிந்தது. மேசையில் கிடந்த அந்தப் பையனின் பிளேட்டும் இதுவும் ஒன்றுதான்.

வீட்டுக்குப் போகும்போது ஒன்பது மணி தாண்டிவிட்டது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பத்து வருஷத்தில் எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று யோசித்தால், ஒரே நாளில் வந்ததில்லை. சேர்ந்த புதிதில் எல்லா ஜாயின்ட்டையும் நானே ஓட்டிக் காட்டுவேன். அப்புறம் ஸ்டோர் ரிஜிஸ்டர், வருகைப் பதிவு, மே மாசம் ஆனால் ஊர் ஊராகப் போய் அட்மிஷனுக்கு ஆள் பிடிப்பது, ஆன்லைனில் மார்க் ஏற்றுவது. முதல் வாரம் படுக்கை நிலையில் ஃபில்லட் என்ற மூலை ஜாயின்ட் ஓட்டிக் காட்டுவதோடு என் கை வேலை முடிந்துவிடும். கஷ்டமான பொசிஷன் வரும்போது நன்றாகச் செய்யும் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "டேய், நீ ஓட்டிக் காட்டுடா" என்பேன். நான் பக்கத்தில் நின்று விளக்குவேன். விளக்குவதில் குறையே இருக்காது. கரும்பலகையில் ஓட்டிக்கொண்டே இருந்தேன், பிளேட்டில் ஓட்டவே இல்லை.

மதிப்பீடும் அப்படியே ஆகிவிட்டது. கைப்பழக்கம் போன வாத்தியாருக்குக் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதற்குத்தான் மார்க் போடத் தெரியும். கேப்பிங், அதாவது மேலே கடைசியாக ஓட்டும் வரிசை, அலை அலையாக அழகாக இருந்தால் நாற்பத்தெட்டு. பாடத்திட்டத்தில் வளைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது, உடைத்துப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. எங்கள் வளைக்கும் ஜிக் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. ஐம்பது பிளேட்டை யார் அறுப்பது என்று விட்டுவிட்டேன்.

வெல்டிங் தொழிலில் ஒரு கறாரான விதி உண்டு. பாய்லர், பிரஷர் வெசல் வேலைக்கு ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் கோடு 9ஆம் பகுதிப்படி தகுதி பெற்ற வெல்டர், ஒரு முறையில் ஆறு மாசம் வெல்டிங் செய்யாமல் இருந்துவிட்டால் அந்த முறையில் அவன் தகுதி காலாவதி. ஐஎஸ்ஓ 9606 என்ற சர்வதேசத் தரத்தை எடுத்துக்கொண்டாலும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவன் தொடர்ந்து வேலை செய்கிறான் என்று பொறுப்பானவர் கையெழுத்துப் போட்டு உறுதி செய்யவேண்டும். இதை நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் பாடமாக நடத்தியிருக்கிறேன். வருஷக்கணக்காக ரூட் ஓட்டாத என் சிஐடிஎஸ் சான்றிதழ் மட்டும் ஃபிரேமுக்குள் பத்திரமாக இருந்தது. அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. அந்த ராத்திரி முடிவெடுத்தேன்: என் மாணவனுக்கு உள்ள ஆறு மாச விதி எனக்கும் உண்டு.

மறுநாள் பையனுக்குப் போன் போட்டு, "சாயந்திரம் வாப்பா, சேர்ந்து ஓட்டலாம்" என்றேன். மூன்று வாரம் வந்தான். எனக்கும் வராததை அவனிடம் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் இரண்டு பேருமே கற்றிருக்க மாட்டோம்.

முதலில் தெரியவந்தது என் கண். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயசு. பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படிக்கிற வயசு. ஷீல்டுக்குள் கண்ணாடி போடாமல் குனிந்தால் கீஹோல் எனக்கு மங்கலான ஒரு வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கிறது. கை மறந்துவிட்டது என்று நான் நினைத்ததில் பாதி, கண் சரியாகப் பார்க்காதது. ஷீல்டுக்குள் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சொருகிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடி விற்கிறார்கள், விலை அதிகமில்லை. அதை மாட்டிய அன்றே ரூட் பாதி சரியானது. நாற்பது தாண்டிய பயிற்றுநர்கள் எல்லாரிடமும் இதை முதலில் சொல்கிறேன். வேறெதையும் பார்ப்பதற்கு முன் கண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது, ராடு. நாங்கள் வருஷம் முழுக்கப் பசங்களுக்குப் பழக்கியது 6013 என்ற வகை ராடு. கம்பெனி டெஸ்ட்டில் அவனுக்குக் கொடுத்தது 7018. அது ஈரத்தை ஆகாத ராடு. ராடு தயாரித்த கம்பெனி சொல்லும் சூட்டில் ஓவனில் வறுத்து எடுத்துச் சூடாகவே வைத்திருந்து பயன்படுத்தவேண்டும். வெளியே எடுத்தால் நாலு மணி நேரத்துக்குள் ஓட்டிவிடவேண்டும். ராடு முனைக்கும் பிளேட்டுக்கும் நடுவில் எரியும் ஆர்க்கை ரொம்பக் குட்டையாகப் பிடிக்கவேண்டும். எங்கள் ஸ்டோரில் ஒரு 7018 பெட்டி வாய் திறந்தபடி இரண்டு மழைக்காலத்தைப் பார்த்திருந்தது. அதை எடுத்து ஓட்டிய பசங்களின் பிளேட்டில் ஊசித்துளை விழுந்தபோதெல்லாம் "கை நடுங்குதுடா, நிதானமா ஓட்டு" என்று திட்டியிருக்கிறேன். தப்பு அவர்கள் கையில் இல்லை, என் ஸ்டோரில் இருந்தது. நானே அந்த ராடை எடுத்து ஓட்டியிருந்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். என்னை இன்றைக்கும் உறுத்துவது இதுதான். கையை விட்ட வாத்தியார் தன் வேலையை மட்டும் மறப்பதில்லை, மாணவன் செய்யாத தப்பை அவன் தலையில் கட்டுகிறான்.

பதினோராவது பிளேட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் ரூட் நின்றது. ஜிக்கைத் துருநீக்கி எண்ணெய் போட்டு வளைத்தோம். வளைந்த முகத்தில் எந்தத் திசையிலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் பிளவு இருக்கக்கூடாது என்பது கணக்கு. ஒரு கோடுகூட இல்லை. அடுத்த மாசம் வேறொரு கம்பெனியில் அவன் டெஸ்ட் பாஸ் செய்தான்.

அதிலிருந்து மாசத்துக்கு ஒரு பிளேட். தேதியைப் பஞ்ச் அடித்து, வளைத்து, ஷாப் சுவரில் ஒரு ஆங்கிள் ரேக்கில் மாட்டிவிடுவேன். ஒரு மாசம் 3ஜி, ஒரு மாசம் தலைக்குமேல் ஓட்டும் 4ஜி, ஒரு மாசம் பைப். பசங்க முன்னால் ஓட்டுவேன்.

ஆனால் ஷாப்பில் ஓட்டுவது வேறு, தொழிலில் ஓட்டுவது வேறு. ஷாப்பில் பிளேட் சுத்தமாக இருக்கும், நேரம் இருக்கும், கெட்டால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். அது புரிந்தது மாம்பழக்கூழ் ஆலையில்.

எங்கள் ஊர்ப்பக்கம் மாங்கூழ் ஆலைகள் நிறைய. பெங்களூரா மாம்பழமும் அல்போன்சாவும் மே மாசம் வந்து இறங்கும். இறங்கிவிட்டால் இரவு பகல் பார்க்காமல் ஓடும். அதனால் மராமத்து எல்லாம் மார்ச், ஏப்ரலில்தான். டேங்க், கூழ் போகும் குழாய் எல்லாமே எஸ்எஸ் என்ற துருப்பிடிக்காத எஃகு, எல்லாமே ஆர்கான் வாயு விட்டு ஓட்டும் டிக் வெல்டிங். என் ஒன்பது வருஷ அனுபவத்தில் டிக் மிகக் குறைவு, அதிலும் உணவுக்கான குழாய் ஓட்டியதே இல்லை. பாடத்தில் மட்டும் நடத்திக்கொண்டிருந்தேன். 2019 மார்ச்சில், மராமத்து எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டரிடம் போய், "ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் வர்றேன், ஹெல்ப்பரா வெச்சுக்குங்க, கூலி வேணாம்" என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "சாருக்கு எதுக்குங்க இது?" என்றார். காரணத்தைச் சொன்னேன். கூலி வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இது எனக்குப் பிடித்தது. கூலி வாங்கினால் வேலைக்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

அங்கே என்னைவிடப் பதினைந்து வயசு சின்னப் பையன் ஒருவன்தான் டிக் வெல்டர். "அண்ணா" என்றுதான் கூப்பிடுவான், ஆனால் வேலையில் விட்டுக்கொடுக்க மாட்டான். முதல் நாள் ஒரு குழாய் ஓட்டினேன். வெளியே தங்கக்கலரில் பளபளத்தது. டார்ச் லைட்டை உள்ளே அடித்து, "வந்து பாருங்கண்ணா" என்றான். குழாயின் உள்பக்கம் கருகி, சொரசொரவென்று பொரிந்து போயிருந்தது. எஸ்எஸ்ஸின் பின்பக்கம் சூடாக இருக்கும்போது காற்று பட்டால் அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து இப்படித்தான் ஆகும். அதற்காகக் குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, உள்ளே ஆர்கான் விட்டு, இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஆர்க் போடவேண்டும். பர்ஜிங் என்பது இதுதான். நான் அடைத்தேன், ஆர்கானும் விட்டேன். காற்று முழுசாக வெளியேறும் வரை பொறுக்கவில்லை.

"இந்தச் சொரசொரப்புல கூழ் போய் ஒட்டிக்கும்ணா. என்ன கழுவினாலும் போகாது. உள்ள புளிச்சு அழுகும். மொத்த லாட்டும் கெட்டுப்போகும்."

நான் பாடத்தில் "பர்ஜிங் அவசியம்" என்று ஒரு வரி எழுதிப்போடுவேன். எதற்கு அவசியம் என்பதை இவன் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டான். அந்தக் குழாயை அறுத்து எடுத்து வந்து இன்றுவரை வகுப்பில் கை மாற்றிக் காட்டுகிறேன். பசங்க விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் நான் இரண்டாவது தடவை சொன்னதில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மாங்கூழ் சீசனுக்கு முன்னால் போகிறேன். 2020 கொரோனாவில் ஐடிஐ மூடியிருந்தபோது ஒரு கிரில் பட்டறையிலும், கிரானைட் குவாரி வண்டிகளின் பக்கெட் பல்லுக்குத் தேயாத உலோகம் ஏற்றும் இடத்திலும் வேலை பார்த்தேன். அதுவும் ஒரு படிப்பு.

இதையெல்லாம் செய்தால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும். எங்கள் பிரின்சிபால், "தொழில்ல இருக்கீங்கன்னா அதுக்கு ரெக்கார்ட் எங்க?" என்று கேட்டபோது எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. அப்புறம் யோசித்தால் நியாயமான கேள்வி. சிஐடிஎஸ்ஸில் என்னோடு படித்த ஒருவர் ஆஸ்திரேலியாவில் பயிற்றுநராக இருக்கிறார். அங்கே அப்போது இருந்த 2015ஆம் வருஷ விதிப்படி பயிற்றுநர் மூன்றைக் காட்டவேண்டியிருந்தது என்றார்: சொல்லித்தரும் அளவுக்காவது தனக்கு அந்தத் தொழில் தெரியும் என்பது, அந்தத் தொழில் இன்றைக்கு நடக்கும் விதம் தெரியும் என்பது, சொல்லித்தரும் தகுதி. முதலாவதும் இரண்டாவதும் ஒன்றுதானே என்றுதான் எனக்குத் தோன்றியது. இல்லை. ஓசூர் ஒன்பது வருஷம் முதலாவதற்குச் சாட்சி. இரண்டாவதற்கு அது செல்லாது.

ஒரு நீளக் கணக்கு நோட்டு போட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. தேதி, இடம், என்ன உலோகம், என்ன கனம், எந்த மிஷின், என்ன ராடு, எத்தனை ஆம்ஸ், என்ன கெட்டது, எப்படிச் சரிசெய்தேன், அங்கிருந்த மேஸ்திரியின் கையெழுத்து. கடைசி வரி ஒன்று உண்டு: "இதனால் என் பாடத்தில் என்ன மாற்றினேன்." அந்த வரி காலியாக இருந்தால் அந்த நாள் எனக்குக் கூலி கிடைத்த நாள், அவ்வளவுதான். கருத்தரங்குச் சான்றிதழ்களைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டதற்கான தாளை, கை செய்ததற்கான தாளோடு சேர்த்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. முடிந்தால் உடைத்த துண்டும் போட்டோவும் வையுங்கள். கையெழுத்தைவிட உடைத்த இரும்பு அதிகம் பேசும்.

பிறகு அசெஸர், அதாவது தேர்வில் மதிப்பிடுபவர், பயிற்சியும் முடித்து, படிக்காமலே தொழில் கற்றவர்களுக்குச் சான்று தரும் ஆர்பிஎல் தேர்வுகளுக்குப் போக ஆரம்பித்தேன். பாலக்கோடு பக்கம் ஒரு தேர்வு. ஐம்பது வயசு தாண்டிய கேட் பட்டறை மேஸ்திரி ஒருவர் வந்திருந்தார். திரையில் கேள்வி: அண்டர்கட் எதனால் வருகிறது? நாலு விடையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எழுத்துத் தேர்வில் நான் கைவைக்க முடியாது. செய்முறை முடிந்ததும் வாய்மொழிக் கேள்வியில், வேறொரு பிளேட்டைக் காட்டி, "அண்ணே, இது எப்படி இருக்கு?" என்றேன். வாங்கி விளிம்பில் நகத்தை ஓட்டினார். "ஓரம் தின்னுடுச்சு சார். ஆம்ஸ் ஜாஸ்தி, இல்ல கைய ஓரத்துல நிறுத்தாம ஓட்டியிருப்பான்." அண்டர்கட்டுக்கு அதைவிடச் சரியான விடையை நான் எங்கும் படித்ததில்லை. பட்டறையில் கிரில் ஓட்டிய மாசங்கள் இல்லாவிட்டால் "ஓரம் தின்னுது" என்பது எனக்கே புரிந்திருக்காது, விடை தெரியாதவர் என்று எழுதியிருப்பேன். தொழிலில் இருப்பவன் பேசும் பேச்சு காதில் இல்லாத அசெஸர், கையில் திறமை இருப்பவரைக் கீழே தள்ளிவிடுவான்.

சில விஷயங்களில் உறுதியாக இருக்கிறேன். நான் அண்மையில் கையால் செய்யாத வேலைக்கு அசெஸராகப் போவதில்லை. அப்படி ஒரு தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மறுத்துவிட்டேன், வருமானம் போனது உண்மைதான். என் சொந்த மாணவர்களின் பிளேட்டை நான் தனியாகத் திருத்துவதில்லை. தர்மபுரியில் ஒரு நண்பர் இதே டிரேடு நடத்துகிறார். பெயருக்குப் பதில் எண் பஞ்ச் அடித்து, அவர் பிளேட் எனக்கு, என் பிளேட் அவருக்கு. ஆளுக்கு எத்தனை மார்க் என்று தனித்தனியாக எழுதிவிட்டு, மாசத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம். முதல் மாசம் பல பிளேட்டுகளில் இரண்டு பேர் மார்க்கும் எட்டாத தூரத்தில் இருந்தன. எதை எதனால் வெட்டினோம் என்று சண்டை போட்டுச் சண்டை போட்டுத்தான் ஒரு அளவுக்கு வந்தோம். அவர் என்னைவிடக் கறார். எனக்கு அது வேண்டியிருக்கிறது.

இனி ரோபோ. 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டம் வந்தபிறகு, அரசு ஐடிஐ நண்பர்கள் ரோபோ கையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஓசூரிலும் மெல்லிய தகடு வேலையில் ரோபோதான் ஓட்டுகிறது. எனக்கு இன்னும் அதில் கைப்பழக்கம் இல்லை. ஒரு லைனில் நாலு நாள் நின்று பார்த்ததில் தெரிந்தது இவ்வளவுதான்: அது ஓட்டிய ஜாயின்ட்டையும் அறுத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு வெல்டரைத்தான் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

சுவர் ரேக்கில் பெயிலான பிளேட்டையும் எடுப்பதில்லை. போன மாசத்து 4ஜியில் வளைந்த முகத்தில் 4 மில்லிமீட்டர் பிளவு. சாக்பீஸால் "பெயில்" என்று எழுதி மாட்டிவிட்டேன். சேர்ந்து மூன்று மாசமான ஒரு பையன் அதை இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், ராடு மாத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ண இடத்துல சரியா சேரல போல" என்றான். அந்த இடமேதான். வரும் சனிக்கிழமை திரும்ப ஓட்டுகிறேன். ஷீல்டைக் கொண்டுவந்து பக்கத்தில் நில்லு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.